புலியின் காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது?

அமெரிக்க சர்க்கஸில் புலிகளைப் பழக்கி ஆடவைத்த மேபல் ஸ்டார்க் எங்கே பிறந்தார்? அவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கக் கிளம்பும் யாரும் முதல் நாளே முடித்துவிடலாம் என்று நினைக்கிற கேள்வி இது. முடியாது. கேட்டவர்களுக்கெல்லாம் அவரே வேறு வேறு கதை சொல்லி வைத்திருக்கிறார். ஒன்றில் கனடா வருகிறது, இன்னொன்றில் ஆண்டு மாறுகிறது. பதிவேடுகளைத் தோண்டியவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான்: 1889, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், ஒரு விவசாயக் குடும்பம், மேரி ஹேனி என்ற பெயர். இளவயதிலேயே பெற்றோரை இழந்து, லூயிவில் நகரத்தில் நர்ஸாக இருந்து, 1911 வாக்கில் கலிஃபோர்னியாவில் அல் ஜி. பார்ன்ஸ் சர்க்கஸுக்குள் நுழைந்தவர், அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேல் புலிகளோடுதான் வாழ்ந்தார்.

அவரை அறிமுகப்படுத்தும் எல்லா இடத்திலும் 'உலகின் முதல் பெண் புலிப் பயிற்சியாளர்' என்ற வரி ஒட்டிக்கொண்டே வரும். அந்த 'முதல்' என்ற சொல்லைக் கண்டதுமே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஜெர்மனியின் கிளேர் ஹெலியட் 1890களின் கடைசியிலேயே சிங்கக் கூட்டத்தோடு ஆடிக்கொண்டிருந்தார். பெண்கள் கூண்டுக்குள் போவது ஸ்டார்க் கண்டுபிடித்த விஷயம் இல்லை. ஆனால் டிக்கெட் விற்க 'முதல்' மாதிரி உதவும் சொல் வேறு எது? ஒரு சர்க்கஸ்காரர் அந்தக் காலத்தில் போஸ்டரில் அடித்த வரி, நூறு வருஷம் கழித்து ஆவணப்படத்தின் முதல் நிமிடத்தில் உண்மையாக உட்கார்ந்துவிடுகிறது. இந்த வகைப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் வருவது இங்கேதான்.

ஒரு சின்ன விளக்கம். நம் ஊர்ப் பேச்சில் சாட்டையோடு கூண்டுக்குள் நிற்பவரைத்தான் 'ரிங் மாஸ்டர்' என்போம். அமெரிக்க சர்க்கஸில் ரிங் மாஸ்டர் என்பவர் சிவப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் போட்டு நிகழ்ச்சியை அறிவிக்கும் ஆள். கூண்டுக்குள் போகிறவர் வேறு. இந்தக் கட்டுரையில் நான் பேசுவது கூண்டுக்குள் போகிறவரைப் பற்றி.

சரி, பிரச்சினை எங்கே தொடங்குகிறது? ஒரு பழைய பயிற்சியாளரைப் பற்றி நம் கைக்குக் கிடைக்கும் ஆதாரங்களில் பெரும்பாலானவை விளம்பரத்துக்காக உருவானவை. அந்தக் காலப் பெரிய சர்க்கஸ் ஒவ்வொன்றுக்கும் பத்திரிகைத் தொடர்பு ஆட்கள் இருந்தார்கள். ஊருக்கு ஊர், சர்க்கஸ் ரயில் வருவதற்குச் சில நாட்கள் முன்பே போய்ச் சேர்ந்து, உள்ளூர்ப் பத்திரிகைகளுக்குச் செய்தியும் படமும் எழுதிக் கொடுப்பதுதான் அவர்கள் வேலை. அவர்கள் எழுதியதை அப்படியே அச்சிட்ட பத்திரிகைகள் ஏராளம். அப்புறம் அந்தப் பத்திரிகை வெட்டுத்துண்டு ஒரு காப்பகத்துக்குப் போகிறது, காப்பகத்திலிருந்து ஒரு புத்தகத்துக்குப் போகிறது, புத்தகத்திலிருந்து படத்துக்கு வருகிறது. நாலு ஆதாரம் இருக்கிறதே என்று இயக்குநர் நிம்மதியாக இருப்பார். நாலும் ஒரே ஆள் ஒரே மாலையில் தட்டச்சு செய்ததாக இருக்கும். பயிற்சியாளர்களின் தன்வரலாறுகளையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஸ்டார்க்கின் தன்வரலாறு 1938-இல், இன்னொரு எழுத்தாளரின் உதவியோடு வந்தது. அருமையான விவரங்கள் உள்ள புத்தகம்தான், ஆனாலும் அவர் மேடையில் இருந்த காலத்திலேயே வந்த புத்தகம்.

இதற்கு மாற்று மருந்து, விளம்பர நோக்கம் குறைந்த காகிதங்களைத் தேடிப் போவது. அமெரிக்க சர்க்கஸ்களுக்கு 'ரூட் புக்' என்று ஒன்று உண்டு. சீசன் முடிந்ததும் அச்சிடுவார்கள். எந்தத் தேதியில் எந்த ஊர், மழையா வெயிலா, ரயில் எத்தனை மணி தாமதம், யாருக்கு அடிபட்டது, எந்தக் குதிரை செத்தது என்று நாள்வாரியாக இருக்கும். பெருமை பேசும் பக்கங்கள் அதிலும் உண்டு, ஆனால் மழை பெய்ததா இல்லையா என்பதில் பொய் சொல்லி யாருக்கு என்ன லாபம்? விஸ்கான்சின் மாநிலம் பாரபூவில் உள்ள சர்க்கஸ் வேர்ல்ட் அருங்காட்சியகம், இல்லினாய் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மில்னர் நூலகம், ஃபுளோரிடாவின் சரசோட்டாவில் உள்ள ரிங்லிங் அருங்காட்சியகம் ஆகிய மூன்றிலும் இப்படிப்பட்ட காகிதங்கள் குவிந்து கிடக்கின்றன. 'பில்போர்டு' பத்திரிகை இசைப் பட்டியலுக்குப் பெயர் வாங்குவதற்கு முன் சர்க்கஸ்காரர்களின் தொழில் பத்திரிகையாகவும் இருந்தது. யார் எந்தக் கம்பெனியிலிருந்து எங்கே மாறினார் என்பதெல்லாம் அதில் வாரவாரம் வரும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களும் உதவும். அமெரிக்காவில் தனிநபர் விவரங்களை 72 வருடம் கழித்துத்தான் திறப்பார்கள், 1950-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022-இல்தான் வெளியே வந்தன. வெவ்வேறு கணக்கெடுப்புகளில் ஒரே ஆள் சொன்ன வயதை வரிசையாக வைத்துப் பார்த்தாலே, அவர் தன்னைப் பற்றி எப்படி ஒரு கதையைக் கட்டினார் என்பது தெரியும்.

ஆனால் காகிதம் எவ்வளவு சேர்த்தாலும் அதில் இல்லாத ஒரு சாட்சி இருக்கிறது. கூண்டுக்குள் இருந்த மற்ற உயிர்கள். புலி பேட்டி கொடுக்காது, கடிதம் எழுதாது, வழக்குப் போடாது. இரண்டு தரப்பு இருந்த ஒரு கதையில் ஒரு தரப்பின் பேச்சு மட்டும்தான் நம்மிடம் இருக்கிறது என்று பலரும் கைவிரித்துவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. புலியின் சாட்சியம் இருக்கிறது, ஃபிலிமில் இருக்கிறது. படம் பிடித்தவர்கள் பயிற்சியாளரைத்தான் பார்த்தார்கள், ஆனால் கேமரா புலியையும் சேர்த்தே பதிவு செய்துவிட்டது. யாரும் திருத்தி எழுதாத ஒரே ஆவணம் அந்த உடல்மொழிதான். அதைப் படிக்கத் தெரிந்துகொள்வதுதான் இந்த மாதிரிப் படம் எடுப்பவரின் முதல் வேலை என்பேன்.

படிப்பதற்கு முன்னால், கூண்டுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிய வேண்டும். ஸ்விட்சர்லாந்தின் விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர் சர்க்கஸ் பயிற்சியை ஆராய்ச்சிக் கண்ணோடு பார்த்தவர்களில் முக்கியமானவர். அவர் சொன்னது சுருக்கமாக இது: ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு விலகல் தூரம் உண்டு, அதைத் தாண்டி நாம் கிட்டே போனால் அது பின்வாங்கும். அதற்கு உள்ளே இன்னொரு கோடு இருக்கிறது. பின்வாங்க இடமில்லாத மிருகத்தை நோக்கி அந்தக் கோட்டையும் தாண்டினால், அது நம் மேல் பாயும். பயிற்சியாளர் இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில்தான் ஆடுகிறார். ஒரு அடி முன்னே வைத்தால் புலி நகர்கிறது, அது ஏறி உட்கார வேண்டிய பீடத்தின் பக்கம் நகர்கிறது. ஒரு அடி பின்னே வைத்தால் நின்றுவிடுகிறது. பார்வையாளருக்குச் சாட்டைதான் தெரியும். உண்மையில் வேலை செய்வது கால்கள். எனவே பழைய ஃபுட்டேஜைப் பார்க்கும்போது ஸ்டார்க்கின் கையை விட்டுவிட்டு அவர் பாதங்களைப் பாருங்கள். இடத்தை அளந்து அளந்து வைக்கும் நடை அது. எந்த நொடியில் அவர் அரை அடி பின்வாங்குகிறார் என்று கவனித்தால், எந்தப் புலியோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

பயிற்சி முறையிலும் இரண்டு பள்ளிகள் இருந்தன. ஹாம்பர்கில் மிருக வியாபாரம் செய்த கார்ல் ஹாகன்பெக், அடித்து மிரட்டுவதை விட்டு, இறைச்சித் துண்டும் பொறுமையும் கொண்டு பழக்கும் முறையை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பரப்பினார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அவர் கூட்டத்தின் சிங்கம் புலிகள் ஆடியதை அமெரிக்கா வியந்து பார்த்தது. இன்னொரு பக்கம், மிருகத்தின் கோபத்தையே நிகழ்ச்சியாக்கும் பாணி. 1930களில் நாற்காலியும் சாட்டையும் வெற்றுத்தோட்டா துப்பாக்கியுமாக, நாற்பது சிங்கம் புலிகளை ஒரே கூண்டில் கலந்து நிறுத்திய கிளைட் பீட்டி அதன் உச்சம். இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பாய்ச்சலும் உறுமலும் கையால் அறைவதும் பெரும்பாலும் பழக்கி வைத்த ஆட்டம். குறிப்பிட்ட சைகைக்குக் குறிப்பிட்ட சிங்கம் அறையும். சாதுவான மிருகத்தைச் சீறவைப்பதற்குத்தான் அங்கே பயிற்சி. அப்படியானால், சிங்கம் வாயைப் பிளந்து சீறும் காட்சியைப் போட்டு, கீழே படபடக்கும் இசை சேர்த்து, 'ஒவ்வொரு இரவும் மரணத்தோடு விளையாடினார்' என்று குரல் கொடுத்தால், அந்தப் படம் பீட்டியின் விளம்பர ஆள் விட்டுப்போன வேலையைத் தொடர்கிறது, அவ்வளவுதான்.

நிஜக் கோபம் வேறு இடத்தில் தெரியும். புலியின் காதுகளுக்குப் பின்புறம் வெள்ளைப் புள்ளி ஒன்று உண்டு, ஒவ்வொரு காதிலும் ஒன்று. சாதாரணமாக முன்னாலிருந்து பார்த்தால் அது நமக்குத் தெரியாது. புலி மிரட்டும்போது காதைத் திருகிக்கொள்ளும், பின்பக்கம் முன்னால் வந்துவிடும், அந்த வெள்ளைப் புள்ளிகள் இரண்டும் நம்மைப் பார்க்கும். பயந்து தற்காத்துக்கொள்ளும்போது காது தலையோடு ஒட்டிப் படுத்துவிடும். கறுப்பு வெள்ளைப் படத்தில், எவ்வளவு தேய்ந்துபோன பிரதியாக இருந்தாலும், அந்த இரண்டு வெள்ளைப் புள்ளிகள் பளிச்சென்று தெரிகின்றன. வாய் மூடியிருக்கலாம், பீடத்தில் அடக்கமாக உட்கார்ந்திருக்கலாம், பயிற்சியாளர் அதற்கு முதுகைக் காட்டி வேறொரு புலியிடம் பேசிக்கொண்டிருக்கலாம். பின்வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்திருக்கும் அந்தப் புலியின் காதில் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். வால் நுனி துடிக்கிறதா என்று பாருங்கள். எடிட்டிங் மேசையில் இந்தக் காட்சியைப் பெரிதாக்கி, வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் புலிகளின் நடத்தை தெரிந்த ஒருவரை உட்காரவைத்து ஒரு வாரம் பார்த்தால், எந்தத் தன்வரலாறும் சொல்லாத விஷயங்கள் வெளியே வரும்.

இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கல் வருகிறது, அதைக் கவனிக்காமல் விட்டால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. பேசாப்பட காலத்துக் கேமராக்களைக் கையால் சுற்றினார்கள். நொடிக்குச் சுமார் 16 முதல் 20 ஃபிரேம் வரை எப்படி வேண்டுமானாலும் இருக்கும். இன்றைக்கு அதை 24 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால், 16-இல் எடுத்த ஆறு நொடிக் காட்சி நான்கு நொடியில் முடிந்துவிடும். புலி சோம்பலாக இறங்கி நடந்தது, பாய்ந்ததுபோல் தெரியும். பயிற்சியாளரின் நிதானமான திருப்பம் பதற்றமாகத் தெரியும். ஒரு பயிற்சியாளரைப் பற்றிய மொத்தக் கருத்தும் இந்த வேகக் கோளாறால் மாறிப்போகும்!

சரியான வேகத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஃபிரேமில் ஏதாவது ஒன்று தற்செயலாகக் கீழே விழும் இடத்தைத் தேடுங்கள், ஒரு தொப்பி, இறைச்சித் துண்டு, கைநழுவிய குச்சி. இலேசாக மிதக்கும் துணி வேண்டாம். 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட ஏறக்குறைய அரை நொடி ஆகும், அது 1920-இலும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். விழத் தொடங்கியதிலிருந்து தரையைத் தொடும்வரை ஃபிரேம்களை எண்ணுங்கள். எட்டு வந்தால் கேமரா நொடிக்கு 16-இல் சுற்றியிருக்கிறது, பன்னிரண்டு வந்தால் 24. உயரத்தைப் பக்கத்தில் நிற்கும் ஆளை வைத்து மதிப்பிடுவதால் கொஞ்சம் முன்பின் ஆகும், பரவாயில்லை, இரண்டு மூன்று இடத்தில் எண்ணிப் பார்த்தால் பிடிபட்டுவிடும். அதே நேரம், இல்லாத ஃபிரேம்களைக் கணினியை விட்டு இட்டு நிரப்பி 'வழுவழு'வென்று ஆக்கும் மென்பொருள்களை இந்த வேலைக்குள் விடக்கூடாது. இரண்டு நிஜ ஃபிரேம்களுக்கு நடுவில் காது எந்த நிலையில் இருந்திருக்கும் என்பதை அது ஊகித்து வரைகிறது. வரைந்த காதை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. அமெரிக்காவில் ஆவணப்படங்களுக்குக் காப்பகக் காட்சிகள் தேடும் தயாரிப்பாளர்களின் கூட்டமைப்பு ஒன்று, செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய காட்சிகளை எப்படிக் கையாள்வது, பார்வையாளருக்கு எப்படித் தெரியப்படுத்துவது என்று 2024-இல் வழிகாட்டுதலே வெளியிட்டது. அவ்வளவு தூரம் பிரச்சினை வளர்ந்திருக்கிறது.

ஒலியிலும் இதே கதை. 'புலி உறுமும், சிங்கம் முழங்கும்' என்று பள்ளியில் மரபுச்சொல் படித்த நமக்கு இரண்டும் வேறு என்பது தெரியும். ஆனால் பேசாப்படக் காட்சிக்கு ஒலி சேர்ப்பவர்கள் கைக்குக் கிடைத்த சிங்க முழக்கத்தைத் தூக்கிப் புலியின் வாயில் போட்டுவிடுகிறார்கள். அதைவிட முக்கியமான ஒன்று விடுபடுகிறது. புலி தனக்குப் பழகியவரைப் பார்த்தால் வாயை மூடியபடி, மூக்கு வழியாகப் 'ஃபுர்ர்ர், ஃபுர்ர்ர்' என்று காற்றை விட்டுவிட்டு ஊதும். அது அதன் வரவேற்பு. புலிகளோடு பழகியவர்கள் பதிலுக்கு அதே ஒலியை எழுப்புவதும் உண்டு. கூண்டுக்கு வெளியே அரை அடி தூரத்தில் முகத்தை வைத்திருக்கும் ஒரு பயிற்சியாளரின் பழைய காட்சிக்கு முழக்கத்தைச் சேர்த்தால், ஒரு வணக்கத்தை மிரட்டலாக்கிவிட்டோம். அப்படிச் சேர்ப்பதற்குப் பதில் அந்த இடத்தை மௌனமாகவே விடலாம்.

இசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்க்கஸ் என்றாலே அமெரிக்க இசையமைப்பாளர் சூசாவின் 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர்' அணிவகுப்பு இசையைக் கொண்டாட்டமாக ஓடவிடுகிறார்கள். அமெரிக்க சர்க்கஸ்காரர்களுக்கு அது ஆபத்து அறிவிப்பு. கூடாரத்துக்குள் தீயோ தப்பித்த மிருகமோ என்றால், மக்கள் பதறாமல் ஊழியர்களுக்கு மட்டும் தெரியும்படி இசைக்குழு அதை வாசிக்கும். 1944 ஜூலை 6-ஆம் தேதி அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் ரிங்லிங் சர்க்கஸின் கூடாரம் தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த அன்று வாசித்தது அதைத்தான்.

ஸ்டார்க்கிடம் திரும்பி வருவோம். பார்ன்ஸ் சர்க்கஸில் லூயிஸ் ராத் என்ற பயிற்சியாளரிடம் தொழில் கற்றார், அவரையே மணந்தார். ராஜா என்ற புலியைக் குட்டியிலிருந்து தன்னோடு வைத்து வளர்த்தார். வளர்ந்த ராஜாவோடு அவர் போட்ட மல்யுத்தக் காட்சிதான் அவரைப் பெரிய பெயராக்கியது. புலி பின்னாலிருந்து அவர்மேல் ஏறி, கழுத்தை வாயால் பிடித்து, இருவரும் தரையில் உருள்வார்கள். கூட்டம் அலறும். பல வருடம் கழித்துக் கடிதங்களில் அவரே விளக்கியிருக்கிறார், அது சண்டையே இல்லை, ராஜா தன்னை இணையாக நினைத்து நடந்துகொண்டது என்று. புலிகள் இணைசேரும்போது ஆண் பெண்ணின் பிடரியைப் பிடிக்கும் என்பது தெரிந்தவருக்கு அந்தக் காட்சி வேறு மாதிரித்தான் தெரியும். மனிதர்களோடு மட்டும் வளர்ந்த ஒரு விலங்கு தன் இனம் எது என்றே குழம்பிப்போன நிலை அது. இதைப் படத்தில் கிசுகிசுவாக்கிச் சிரிக்க வைப்பது சுலபம். எனக்கு அதில் தெரிவது ஒரு தனிமை, புலியின் தனிமை. அதை அப்படியே, குரலை உயர்த்தாமல் சொல்லும் இயக்குநரை நம்பி மீதிப் படத்தையும் பார்ப்பேன்.

1922-இல் அவர் ரிங்லிங் பிரதர்ஸ் – பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸுக்குப் போனார், நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆடினார். மூன்றே வருடத்தில், 1925-இல், அந்தக் கம்பெனி சிங்கம் புலி ஆட்டங்களையே நிறுத்தியது. இதற்குப் பின்னால் இருந்த சூழலைப் படத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'அந்தக் காலத்தில் யாருக்கும் மிருகவதை பற்றித் தெரியாது' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தெரியும். எழுத்தாளர் ஜாக் லண்டன் 1917-இல் வந்த ஒரு நாவலின் முன்னுரையிலேயே, மிருக ஆட்டம் மேடைக்கு வந்தால் எழுந்து வெளியே போங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். மறு வருடமே மாசசூசெட்ஸின் மிருகவதைத் தடுப்புச் சங்கம் அவர் பெயரில் மன்றங்கள் தொடங்கியது, ஆட்கள் நிஜமாகவே எழுந்து போனார்கள். ஸ்டார்க் ஆடிய அதே வருடங்களில் அவருக்கு எதிரான வாதமும் உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. இன்றைய மனச்சாட்சியைக் கடந்த காலத்தின் மேல் திணிக்கிறோமோ என்ற தயக்கம் இயக்குநருக்கு வேண்டியதில்லை, அன்றைய மனச்சாட்சியே போதும்.

அப்புறம் பாங்கோர். 1928, மெயின் மாநிலம், ஜான் ராபின்சன் சர்க்கஸ். ஸ்டார்க்கின் வாழ்க்கையிலேயே மிகக் கொடூரமான தாக்குதல் அங்கே நடந்தது. ஷீக், ஜூ என்ற இரண்டு புலிகள். அவர் சொன்னபடி, சர்க்கஸ் தாமதமாக வந்து சேர்ந்தது, மழை, புலிகள் நனைந்திருந்தன, தீனி போட்டிருக்கவில்லை. சேற்றில் கால் வழுக்கி விழுந்தார். காலும் தோளும் முகமும் கிழிந்தன. சில வாரங்களில், உடம்பெல்லாம் கட்டோடு, கைத்தடியோடு மறுபடி கூண்டுக்குள் போனார். எல்லாரும் இந்தக் கடைசி வரியைத்தான் பிடித்துக்கொள்வார்கள், அந்தத் துணிச்சலை. அது துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன காரணங்களை ஒருமுறை மறுபடி படித்துப் பாருங்கள். தாமதம், மழை, பசி, சேறு. நாளுக்கு ஓர் ஊர் என்று ஓடும் ரயில் அட்டவணை, அன்றைய காட்சியை ரத்து செய்ய மனமில்லாத நிர்வாகம், வேளைக்குச் சாப்பாடு கிடைக்காத புலிகள். தாக்கியது புலி என்றாலும், அந்த நாளை அப்படி ஆக்கியதில் ஒரு புலிக்கும் பங்கில்லை. நான் எடுத்தால், அந்த வாரத்து ஊர்களின் வரிசை, உள்ளூர்ப் பத்திரிகையின் மறுநாள் செய்தி, ஸ்டார்க்கின் சொந்தக் கூற்று மூன்றையும் அடுத்தடுத்துத் திரையில் வைப்பேன், பொருந்தாத இடம் இருந்தால் பொருந்தாமலே விட்டுவிடுவேன்.

நடித்துக்காட்டும் காட்சிகள் வேண்டுமா என்ற கேள்வி இங்கேதான் வரும், பாங்கோரில் கேமரா இல்லையே என்பார்கள். இன்றைக்கு ஒரு புலியை வாடகைக்குக் கொண்டுவந்து, விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தி, புலிகளை ஆட்டுவித்ததன் கொடுமையைப் பற்றிப் படம் எடுப்பதில் உள்ள முரண் யாருக்கும் புரியும். கணினிப் புலியும் எனக்கு உவப்பில்லை, நிஜ ஃபுட்டேஜ் பக்கத்தில் வரும்போது இரண்டின் மேலும் நம்பிக்கை போய்விடுகிறது. காலியான இரும்புக் கூண்டு, ஈரமான மரத்தூள், ஒரு பீடம் போதும்.

ஃபுட்டேஜ் எங்கே கிடைக்கும்? யூனிவர்சல் செய்திப்படங்கள், 1929 முதல் 1967 வரையிலானவை, அமெரிக்கத் தேசியக் காப்பகத்துக்குக் கொடையாக வந்தவை; பெரும்பாலும் உரிமைத் தொல்லை இல்லாமல் பயன்படுத்தலாம். அதிலும் ஒரு சோகம், பழைய ஃபிலிம் நைட்ரேட்டால் ஆனது, எளிதில் தீப்பிடிக்கும். 1978 டிசம்பரில் மேரிலாந்தில் இருந்த கிடங்கு எரிந்து கோடி அடிக்கும் மேல் போய்விட்டது. ஃபாக்ஸ் மூவிடோன் செய்திப்படங்களின் ஒரு பெரிய பகுதி தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது; வெட்டிச் சுருக்கிய செய்தி மட்டுமன்றி வெட்டாத மூலக் காட்சிகளும் அங்கே உண்டு என்பதுதான் நமக்கு லாபம், செய்திக்கு வேண்டாமென்று ஒதுக்கிய துண்டில்தான் புலி சும்மா நடந்துகொண்டிருக்கும். அமெரிக்காவில் பதிப்புரிமை, அந்தக் காலத்தில் வெளியான படங்களுக்கு, 95 வருடம் வரை நீளும், எனவே 1930களில் வந்ததைத் தொடும்போது கணக்குப் பார்த்துத் தொட வேண்டும். ஆனால் இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது வீட்டுப் படங்களை. 1923-இல் 16 மி.மீ. ஃபிலிம் வந்தது, 1935-இல் கோடாக்ரோம் நிறம் வந்தது. அப்புறம் வசதியான சர்க்கஸ் ரசிகர்கள் கூடாரத்தின் பின்பக்கம் போய்த் தாங்களே படம் எடுக்கத் தொடங்கினார்கள். ஆட்டம் முடிந்து கூண்டு வண்டிக்குத் திரும்பும் புலி, தண்ணீர்த் தொட்டி, வண்டிக்குள் முன்னும் பின்னும் ஒரே தடத்தில் நடந்துகொண்டே இருக்கும் ஒரு விலங்கு, இதையெல்லாம் எந்த விளம்பர ஆளும் எடுக்கச் சொல்லவில்லை. வட்டத்துக்குள் இருந்த சில நிமிடங்களை விட்டால் மீதி நாள் முழுக்க அந்தப் புலி எங்கே இருந்தது என்பதற்கு இவைதான் பதில்.

ஸ்டார்க்கின் கடைசிக் காலம் கலிஃபோர்னியாவின் தவுசண்ட் ஓக்ஸில், ஜங்கிள்லேண்ட் என்ற மிருகப் பூங்காவில் கழிந்தது. எழுபது வயதைத் தாண்டியும் புலிகளோடு ஆடினார். பிறகு பூங்கா கைமாறியது, அவர் வேலை போனது. அவர் இல்லாத நாட்களில் அவருடைய புலி ஒன்று தப்பித்து வெளியே போய்ச் சுடப்பட்டது. 1968 ஏப்ரலில், 78 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். படத்தை இந்த மரணத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போவது பல இயக்குநர்களுக்குத் தோன்றும் முதல் யோசனையாக இருக்கும். எனக்கு அது பிடிக்காது, ஐம்பது வருட வேலையை ஒரு முடிவுக்கான காரணப் பட்டியலாக்கிவிடும். நடந்ததை நடந்த இடத்தில், எப்படி என்ற விவரத்துக்குள் போகாமல் சொன்னால் போதும். மறு வருடம் பூங்காவும் மூடப்பட்டது, மிருகங்கள் ஏலத்தில் போயின. அந்த இடத்தில் இன்றைக்கு நகர மன்றமும் நாடக அரங்கும் நிற்கின்றன.

1960களில் ஜங்கிள்லேண்டில் கூண்டு கழுவிய, இறைச்சி வெட்டிய இளைஞர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்களுக்கு எழுபத்தைந்து, எண்பது வயது இருக்கும். நிதி கிடைக்கட்டும், திரைக்கதை முடியட்டும் என்று காத்திருக்காமல் அவர்களைத் தேடிப்போய்ப் பதிவு செய்வதுதான் இப்போது அவசரம். போகும்போது ஸ்டார்க் எப்படிப்பட்டவர் என்று எடுத்த எடுப்பில் கேட்க வேண்டாம், அதற்கு அவர்களிடம் பல தடவை சொல்லிப் பழகிய பதில் தயாராக இருக்கும். பழைய புகைப்படத்தை மடியில் வைத்து, இந்தப் புலியின் பெயர் என்ன, இதற்கு யார் சாப்பாடு வைப்பார்கள், யாரைக் கண்டால் இது ஊதும், யாரைக் கண்டால் காதைத் திருப்பும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.